பழைய காரின் உள்பாகங்களைக் கழற்றும்போது

கேள்வி: அப்பா ஓட்டிய 1975 பிரீமியர் பத்மினியைப் புதுப்பிக்கப் போகிறேன். சீட், கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டைகளை நானே கழற்றலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகக் கழற்றலாம், அவசரம் மட்டும் வேண்டாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். அப்புறம் சீட். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். எண்ணெய் விடாமல் முறுக்கினால் போல்ட்டின் தலை உடையும்.

கதவு அட்டையில்தான் பொறுமை தேவை. ஜன்னல் சுற்றும் பிடியில் ஸ்குரு தெரியாவிட்டால், அடியிலுள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்திப் பாருங்கள். சிறிய பின் தெரிந்தால் அதைத் தட்டி எடுக்கலாம். அட்டையின் விளிம்பை இழுக்காதீர்கள். ஈரம் குடித்த அட்டை பிட்டுபோல உதிரும். ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் தட்டையான கருவியை நுழைத்து நெம்புங்கள். கிழிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புது அட்டை வெட்ட அதுதான் அளவு.

என் முதல் காரில் எல்லா ஸ்குருவையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, மாட்டும்போது தவித்தேன். இடத்துக்கு ஒரு கவர் வைத்து, மேலே பெயர் எழுதுங்கள். கழற்றுமுன் போட்டோவும் எடுங்கள்.

கடைசியாகத் தரை விரிப்பைத் தூக்கி, தகட்டை ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகட்டைத் துரு அரித்துவிட்டது; பெயிண்ட்டுக்கு முன் வெல்டிங் வேலைதான்.