நெட்வொர்க் டேபில் தெரியும் ரெஸ்பான்ஸ் ஹெடர், என் கோடில் மட்டும் ஏன் நல் என்று வருகிறது?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: ரியாக்ட் செயலியிலிருந்து ஃபெட்ச் மூலம் ஏபிஐயை அழைக்கிறீர்கள். மொத்தம் எத்தனை பதிவுகள் என்பதை சர்வர் எக்ஸ்-டோட்டல்-கவுன்ட் என்ற ஹெடரில் (பதிலோடு ஒட்டி வரும் குறிப்பு) அனுப்புகிறது. பிரவுசரின் டெவ்டூல்ஸில் (நெட்வொர்க் டேப் இருக்கும் இடம்) அது பளிச்சென்று தெரிகிறது. கோடில் எடுத்தால் நல், அதாவது மதிப்பே இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "போஸ்ட்மேனில் வருகிறது, அதனால் ஃப்ரண்ட்எண்ட் பிரச்சினை என்று பேக்எண்ட் டீம் டிக்கெட்டை என்னிடமே திருப்பிவிட்டது." அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கோடில் தவறில்லை. ஹெடர் பெயரைச் சிறிய எழுத்தில் போடுவதா பெரிய எழுத்திலா என்று மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள். ஹெடரைப் படிக்கும் கெட் ஃபங்ஷன் அதைப் பொருட்படுத்தாது. ஆக்சியோஸுக்கு மாறினாலும் இதே கதைதான், அங்கே நல்லுக்குப் பதில் அன்டிஃபைன்ட் வரும். ஆங்குலர்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு படி உண்டு: அதன் ஹெச்டிடிபி கிளையன்ட் சாதாரணமாக பாடியை மட்டும் தரும், அப்சர்வ் என்ற ஆப்ஷனில் ரெஸ்பான்ஸ் என்று கொடுத்தால்தான் ஹெடர்கள் கைக்கு வரும். அதைச் செய்த பிறகும் நல் என்றால் அவர்களும் உங்களோடுதான் நிற்கிறார்கள்.

உங்கள் பக்கம் ஒரு ஆரிஜினில் இருக்கிறது, ஏபிஐ வேறொன்றில். ஹெச்டிடிபியா ஹெச்டிடிபிஎஸ்ஸா என்பது, ஹோஸ்ட் பெயர், போர்ட், இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆரிஜின். லோக்கல்ஹோஸ்டின் 3000 போர்ட்டும் 8080 போர்ட்டும்கூட வேறு வேறுதான். அப்படி வேறு ஆரிஜினிலிருந்து வரும் பதிலை பிரவுசர் முழுதாக வாங்கிக்கொள்கிறது, டெவ்டூல்ஸில் முழுதாகக் காட்டுகிறது, ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கும்போது மட்டும் வடிகட்டிக் கொடுக்கிறது. யாரும் கேட்காமலே கிடைப்பவை ஏழு: கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-லாங்குவேஜ், கன்டென்ட்-லெங்த், கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மாடிஃபைட், பிராக்மா. மற்ற எதுவாக இருந்தாலும் சர்வர் அதே பதிலில் ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் என்ற ஹெடரைச் சேர்த்து, "இந்தப் பெயருள்ளதைக் காட்டலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் உங்களுக்கு நல். எர்ரர் கிடையாது, ஃபெட்சைப் பயன்படுத்தும்போது கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. எல்லாரையும் அலையவிடுவது இந்த மௌனம்தான்.

போஸ்ட்மேனும் கர்லும் ஏபிஐயை நேரடியாக அழைத்துப் பார்க்கும் கருவிகள், பிரவுசர் இல்லை. அங்கே ஆரிஜின் என்ற பேச்சே எழாது, வடிகட்டலும் நடக்காது. ஆகவே "போஸ்ட்மேனில் வருகிறது" என்றால் சர்வர் ஹெடரை அனுப்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பிரவுசரில் ஓடும் கோட் அதைப் படிக்கலாமா என்ற கேள்விக்கு அது பதிலே ஆகாது.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு ஒரு சாட்சி வேண்டுமே. ஃபெட்ச் தரும் ரெஸ்பான்ஸில் டைப் என்று ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறது, அதைக் கன்சோலில் போட்டுப் பாருங்கள். பேசிக் என்று வந்தால் ஒரே ஆரிஜின், எல்லா ஹெடரும் (செட்-குக்கி தவிர) தெரிய வேண்டும். கோர்ஸ் (வேறு ஆரிஜினோடு பேசுவதற்கான பிரவுசர் விதிகளின் பெயர்) என்று வந்தால் நான் மேலே சொன்ன வடிகட்டல் நடந்திருக்கிறது. ஓபேக் என்று வந்தால் யாரோ கோர்ஸ் எர்ரரை மறைக்க நோ-கோர்ஸ் மோடைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்டேட்டஸ் 0 ஆக இருக்கும், ஹெடர் ஒன்றுகூடக் கிடைக்காது, முதலில் அதை எடுங்கள். கோர்ஸ் என்று வந்திருக்கும் ஸ்கிரீன்ஷாட், நெட்வொர்க் டேபில் எக்ஸ்போஸ் ஹெடர் இல்லாத ஸ்கிரீன்ஷாட், இரண்டையும் டிக்கெட்டில் ஒட்டுங்கள். வாக்குவாதம் அதோடு நிற்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஈரோடு பக்கம் மஞ்சள் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். குடோன் வாரியாக வரவு, இருப்பு, கமிஷன் எல்லாம் எக்செல் கோப்பாக இறங்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரே பெயர் வைத்து கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரில் அனுப்பும். சாதாரண லிங்க்காக இருந்திருந்தால் பிரவுசரே அந்த ஹெடரைப் பார்த்துப் பெயர் வைத்துவிடும், நாம் தொடவே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் லாகின் டோக்கனை ஆத்தரைசேஷன் ஹெடரில் அனுப்ப வேண்டியிருந்தது, லிங்க்கில் அதைச் சேர்க்க முடியாது. ஆகவே ஃபெட்ச் போட்டு, ப்ளாப் (கோப்பின் பைட்டுகள்) வாங்கி, நம் கோடே பெயரைப் படித்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். இந்த வகைச் செயலி எழுதும் யாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்துதான் தீர வேண்டும்.

என் கணினியில் அருமையாக ஓடியது. ஸ்டேஜிங் என்ற சோதனை சர்வரிலும் ஓடியது. ப்ரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில், போட்ட மறுநாளே புகார்: எல்லாக் கோப்பும் டவுன்லோட், டவுன்லோட் ஒன்று, டவுன்லோட் இரண்டு என்று இறங்குகிறது, எந்தக் குடோன் கணக்கு எது என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று. மாதக் கடைசி வேறு. கணக்கு பார்க்கும் அம்மா ஃபோனில் கத்தவெல்லாம் இல்லை. "தம்பி, பேரு மட்டும் வந்துட்டா போதும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே நான் அன்று எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன்.

என் கணினியில் ஓடியதற்குக் காரணம் வைட் டெவ் சர்வரின் ப்ராக்ஸி, அதாவது அழைப்புகளை இடையில் வாங்கி ஏபிஐக்கு அனுப்பும் வசதி. ஏபிஐ அழைப்பு எல்லாம் அதே லோக்கல்ஹோஸ்ட் போர்ட் வழியாகப் போய் வருவதால் பிரவுசருக்கு அது ஒரே ஆரிஜின். ஸ்டேஜிங்கில் செயலியும் ஏபிஐயும் ஒரே டொமைனில் இருந்தன. ப்ரொடக்ஷனில்தான் ஏபிஐக்குத் தனி சப்டொமைன் கொடுத்திருந்தார்கள். சப்டொமைன் மாறியதால் ஆரிஜினும் மாறியது. உங்கள் கேள்வியில் "லோக்கலில் சில சமயம் வேலை செய்தது" என்று ஒரு வரி பார்த்தேன். அநேகமாக உங்களிடமும் ஏதோ ஒரு ப்ராக்ஸி இருக்கிறது, அது இந்தப் பிரச்சினையை மூடி வைத்திருக்கிறது.

காரணத்தைச் சொல்லி மெயில் போட்டேன். முதலில் பேக்எண்டில் கன்டென்ட்-டிஸ்போசிஷனை ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலௌ-ஹெடர்ஸ் பட்டியலில் சேர்த்தார்கள். அது நாம் அனுப்பும் ரிக்வெஸ்ட் ஹெடர்களுக்கானது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத டீமை நான் பார்த்ததில்லை. அப்புறம் எக்ஸ்போஸ் ஹெடரைச் சேர்த்தார்கள், ஆனால் ஆப்ஷன்ஸ் ப்ரீஃப்ளைட் (உண்மையான ரிக்வெஸ்ட்டுக்கு முன் பிரவுசர் அனுமதி கேட்டு அனுப்புவது) பதிலில் மட்டும். ப்ரீஃப்ளைட்டில் இருந்தால் பயனில்லை, கோப்பு வரும் அந்த கெட் ரிக்வெஸ்ட்டின் பதிலிலேயே இருக்க வேண்டும். அதற்கப்புறம் "கோடைத் தொட வேண்டாம், என்ஜின்எக்ஸில் போட்டுவிடுகிறோம்" என்று, வெப் சர்வர் மென்பொருளான அதன் அமைப்புக் கோப்பில் சர்வர் பிளாக்கில் ஆட்-ஹெடர் வரியைச் சேர்த்தார்கள். அப்போதும் வரவில்லை. என்ஜின்எக்ஸில் லொக்கேஷன் பிளாக்குக்குள் ஒரே ஒரு ஆட்-ஹெடர் இருந்தாலும் மேலே சர்வர் பிளாக்கில் இருக்கும் ஆட்-ஹெடர்கள் எதுவும் உள்ளே இறங்காது. அங்கே எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. இதை என்ஜின்எக்ஸ் ஆவணத்தில் தேடிக் கண்டுபிடித்து அனுப்பியது ஃப்ரண்ட்எண்டில் இருந்த நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பேக்எண்ட் ஆட்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் கெட்டிக்காரர்கள். இந்த விதி பிரவுசருக்குள் நடப்பது, பிரவுசரில் வேலை செய்யாத ஒருவருக்குக் கண்ணில் படாமல் போவது இயல்பு. என் வருத்தம் வேறு. திரையில் தெரிகிற கோளாறு என்றால் திரையைச் செய்தவன்தான் காரணம் என்று முதல் நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் அவன் தலையில். அப்ரைசலில் "உன் பேரில் திரும்பத் திறந்த டிக்கெட் அதிகம்" என்று காட்டுகிறார்களே, அந்தக் கணக்கில் இப்படிப் போய் வந்த டிக்கெட்டும் சேர்ந்துதான் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. ஹெடர் வந்தது, பெயர் வரவில்லை. கோப்புப் பெயர்கள் தமிழில். "பெருந்துறை குடோன் மஞ்சள் வரவு தை" என்பது போல அவர்கள் தங்கள் பேச்சிலேயே வைத்திருந்தார்கள். திரையில் விழுந்ததோ வரிசையாகக் கேள்விக்குறிகள். ஹெச்டிடிபி ஹெடரில் தமிழ் எழுத்தை அப்படியே வைத்து அனுப்பினால் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. சர்வர் நோட் ஜேஎஸ் என்றால் ஹெடரில் செல்லாத எழுத்து என்று எர்ரரே எறிந்துவிடும். யூடிஎஃப்-8 பைட்டுகளாக அப்படியே வந்து சேர்ந்தாலும் ஃபெட்ச் அவற்றை ஒவ்வொரு பைட்டாக எழுத்தாக்குவதால் கிறுக்கல்தான் கிடைக்கும். இதற்கு ஒழுங்கான வழி 2011-லேயே ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலையில் எழுதப்பட்டுவிட்டது: ஃபைல்நேம் என்பதோடு, நட்சத்திரக் குறி போட்ட ஃபைல்நேம் என்று இரண்டாவதாக ஒன்று, அதில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, பெயரைச் சதவீதக் குறியீட்டில் (ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுதும் முறை) எழுத வேண்டும். இரண்டும் இருந்தால் நட்சத்திரம் போட்டதைத்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் டீகோட்-யூஆர்ஐ-காம்பொனன்ட் செய்தால் தமிழ் அட்சரம் பிசகாமல் வரும். ஸ்பிரிங்கில் கன்டென்ட்-டிஸ்போசிஷன் பில்டரிடம் பெயரோடு யூடிஎஃப்-8 என்றும் கொடுத்தால் அதுவே செய்துகொள்ளும். எக்ஸ்பிரஸின் டவுன்லோட் ஃபங்ஷனும், ஜாங்கோவின் ஃபைல்ரெஸ்பான்ஸும் தாமாகவே செய்கின்றன.

இதைச் செய்யலாம் என்று கூட்டத்தில் சொன்னபோது வந்த பதில்: "எதுக்கு இவ்வளவு? பேரை இங்கிலீஷ்ல வைக்கச் சொல்லுங்க." உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன். பணம் கொடுத்து மென்பொருள் வாங்குகிறவர் தன் குடோனுக்குத் தன் மொழியில் பெயர் வைத்திருக்கிறார். தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது, லைப்ரரி இடம் கொடுக்கிறது, கோடில் மாற வேண்டியது சில வரிகள். அதைச் செய்ய மனமில்லாமல் அவரை மாறச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் எழுத்து மட்டும் இனிஷியலாக உள்ளவரிடம் லாஸ்ட் நேம் கட்டாயம் என்று கேட்கும் ஃபாரங்களும் இதே சோம்பலில் பிறந்தவை. சரி, விடுகிறேன். கடைசியில் தமிழ்ப் பெயரோடுதான் கோப்பு இறங்கியது.

இனி, "எக்ஸ்போஸில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் தெரியுமே" என்று இங்கே யாராவது சொல்வார்கள். குக்கி போன்ற அடையாளங்கள் இல்லாத ரிக்வெஸ்ட்டுக்கு அது சரி. ஃபெட்ச்சில் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட் என்று போட்டிருந்தால் அந்த நட்சத்திரத்துக்குச் சிறப்புப் பொருள் கிடையாது, நட்சத்திரம் என்ற பெயருள்ள ஒரு ஹெடர் என்றுதான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். பெயர்களை எழுதிவிடுவதே நல்லது. "ப்ரொடக்ஷனிலும் ப்ராக்ஸி போட்டு ஒரே ஆரிஜின் ஆக்கிவிடுங்கள்" என்பார்கள். செய்யலாம், நல்ல வழிதான், உங்கள் கையில் அந்த அதிகாரம் இருந்தால். "மொத்த எண்ணிக்கையை ஹெடரில் ஏன் வைக்கிறீர்கள், பாடியில் வையுங்கள்" என்பதும் நியாயமான கருத்து. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஏபிஐயின் அமைப்பை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மொபைல் செயலிகள் உடையும். செட்-குக்கியைப் படிக்க நினைக்கிறவர்கள் விட்டுவிடலாம். எதில் எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது கிடைக்காது, ஒரே ஆரிஜினிலும் கிடைக்காது.

உங்கள் பேக்எண்ட் எதில் என்று எழுதவில்லை. ஸ்பிரிங் என்றால் கோர்ஸ் அமைப்பில் எக்ஸ்போஸ்ட்-ஹெடர்ஸ், எக்ஸ்பிரஸின் கோர்ஸ் பேக்கேஜிலும் அதே பெயர், ஏஎஸ்பி டாட்நெட் கோர் என்றால் வித்-எக்ஸ்போஸ்ட்-ஹெடர்ஸ், ஜாங்கோவில் கோர்ஸ்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் என்ற செட்டிங். அதில் எக்ஸ்-டோட்டல்-கவுன்ட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ரீட்ரை-ஆஃப்டரையும் சேர்க்கச் சொல்லுங்கள். 429 (ரிக்வெஸ்ட்டுகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பதில்) வரும் நாளில் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும், அதுவும் அந்த ஏழில் இல்லை. என்ஜின்எக்ஸில் சேர்ப்பதாக இருந்தால் ஆட்-ஹெடர் வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்று போட வேண்டும், இல்லாவிட்டால் 429 போன்ற எர்ரர் பதில்களில் அந்த ஹெடர் ஒட்டாது.

சேர்த்த பிறகும் நல் வந்தால், ரெஸ்பான்ஸின் டைப் என்ன காட்டுகிறது என்பதையும் கெட் பதிலின் முழு ஹெடர் பட்டியலையும் (டோக்கனை மறைத்துவிட்டு) கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன்.