ரூலெட் சக்கரம் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

எண் குழிகள் உள்ள சக்கரத்தைச் சுழற்றி, பந்து எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் சூதாட்டம்தான் ரூலெட். அதன் பூர்வீகம் பற்றி நண்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளையும் என் பதில்களையும் ஒன்றாகத் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, ரூலெட்டைக் கண்டுபிடித்தது கணித மேதை பாஸ்கல்தானே? தானாகவே ஓயாமல் சுழலும் இயந்திரம் செய்யப்போய் இது வந்தது என்று படித்தேன்.

பதில்: பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் தம்பி. ஆனால் பிடிமானமான சான்று எதுவும் இல்லை. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654இல் பாஸ்கலும் இன்னொரு கணித மேதை ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கம் அது. 1658இல் பாஸ்கல் ‘ரூலெட்’ பற்றி எழுதியதும் உண்மைதான். ஆனால் அந்த ரூலெட் ஒரு வளைகோடு. தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளியைக் குறித்தால், அது போகும் பாதைக்கு அன்று பிரான்சில் அந்தப் பெயர். சூதாட்டக் கணக்குப் போட்டவரும் அவரே, ரூலெட் என்று எழுதியவரும் அவரே. பின்னால் வந்தவர்கள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் யார்தான் கண்டுபிடித்தது?

பதில்: ஒருவரைக் கைகாட்ட முடியாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ரோலி போலி’ என்று பந்தை உருட்டி ஆடும் ஆட்டம் இருந்தது. 1745இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ‘இ.ஓ.’ என்ற ஆட்டத்தில் சக்கரக் குழிகளில் எண்களுக்குப் பதில் இரட்டை, ஒற்றை என்ற குறிகள் மட்டுமே. அதிலும் சில குழிகள் ஆட்டம் நடத்துபவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. இத்தாலியப் பக்கம் ‘பிரிபி’யில் எண் எழுதிய பலகையில் பணம் கட்டுவார்கள். கனடாவில் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் 1758இல் வந்த தடை உத்தரவில் ரூலெட்டின் பெயரே இருக்கிறது. தடை போட்டவர்கள் எழுதி வைத்ததால்தான் இந்த ஆட்டங்களின் தடயம் இவ்வளவாவது நமக்குக் கிடைக்கிறது. இன்று நாம் பார்க்கும் வடிவம், அதாவது எண்கள், சிவப்பு, கறுப்பு, ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம் (00) எல்லாம், 1790களில் பாரிஸின் பாலே ரோயால் சூதாட்ட விடுதிகளில் தேறிவிட்டது.

கேள்வி: அமெரிக்கச் சக்கரத்தில் 0, 00 இரண்டும் இருக்கின்றன. ஐரோப்பாவில் 0 மட்டும். பிறகு சேர்த்ததா, பிறகு எடுத்ததா?

பதில்: எடுத்ததுதான். ரூலெட் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 00தான் பழையது. பிரான்சிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாக அமெரிக்கா போன சக்கரம் அதை விடாமல் வைத்துக்கொண்டது.

பிரான்சிலோ 1837 டிசம்பர் 31 நள்ளிரவோடு சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டார்கள். ஆட்டம் ரைன் நதிப் பக்கத்து ஜெர்மன் சிற்றரசுகளுக்கு நகர்ந்தது. அங்கே ஹோம்பூர்கில் கேசினோ நடத்திய பிளாங்க் சகோதரர்கள் 1843இல் 00ஐத் தூக்கினார்கள். பூஜ்யங்கள் உட்பட எல்லா எண்களிலும் தலா ஒரு காசு வைத்துப் பாருங்கள். பழைய சக்கரத்தில் 38 காசு போகும், ஜெயித்த எண்ணுக்கு 36 திரும்பும், கேசினோவுக்கு இரண்டு. புதிய சக்கரத்தில் 37 போய் 36 திரும்பும், கேசினோவுக்கு ஒன்று. கேசினோவின் பங்கு 5.26 சதவீதத்திலிருந்து 2.70 ஆகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் பாதி லாபத்தை விட்டுக்கொடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களின் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்தார்கள். துணிச்சலான வியாபாரம்!

கேள்வி: மொனாக்கோ எப்படி இதில் வந்தது?

பதில்: பிரான்சை ஒட்டிய அந்தக் குட்டி நாட்டுக்குக் கடன் தொல்லை. மென்டோன், ரோக்ப்ரூன் என்ற இரண்டு ஊர்களை இழந்து, 1861இல் அவற்றைச் சட்டப்படி பிரான்சுக்கே எழுதிக்கொடுத்தபோது நாட்டின் பெரும்பகுதி போய்விட்டது. ஏற்கெனவே அங்கே திறந்த கேசினோ தள்ளாடிக்கொண்டிருந்தது. 1863இல் அந்தப் பிளாங்க் சகோதரர்களில் ஒருவரான பிரான்சுவா பிளாங்கைக் கூட்டிவந்து உரிமத்தைக் கொடுத்தார்கள். 1866இல் கேசினோ இருந்த குன்றுக்கு மான்டே கார்லோ என்று பெயர், 1868இல் ரயில், 1869இல் குடிமக்களுக்கு நேரடி வரி ரத்து. 1872 முடிவோடு ஜெர்மனியும் கேசினோக்களை மூட, ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தின் தலைநகரம் மான்டே கார்லோ என்றாகிவிட்டது. சொந்தக் குடிமக்களை மட்டும் ஆடவே விடவில்லை.

கேள்வி: சக்கரத்தின் எண்களைக் கூட்டினால் சாத்தானின் எண் என்று சொல்லும் 666 வருகிறதாமே? பிளாங்க் சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டாராம்!

பதில்: 1 முதல் 36 வரை எல்லா எண்களையும் கூட்டினால் 666தான் வரும், அது எண்களின் குணம். பிளாங்குக்கு முன்பே அந்த 36 எண்கள் சக்கரத்தில் இருந்தன.

கேள்வி: சார், ஒரே நிறம் தொடர்ந்து விழுந்தால் அடுத்து மற்ற நிறம் வரத்தானே வேண்டும்?

பதில்: வர வேண்டியதில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று நம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் தொகையைக் கூட்டிக் கட்டியவர்கள் கையில் இருந்ததையெல்லாம் விட்டார்கள். முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்று பந்துக்குத் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லண்டன் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், மொனாக்கோ பத்திரிகையில் அச்சான ரூலெட் முடிவுகளை எடுத்து ஆராய்ந்து 1894இல் எழுதினார். சிவப்பும் கறுப்பும் மொத்தத்தில் ஏறக்குறையச் சமம். ஆனால் நிறம் மாறி மாறி விழுந்தது அளவுக்கு மீறி இருந்தது. நேர்மையான சக்கரத்தில் இப்படி நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொன்னார். சக்கரத்தில் கோளாறு இல்லை, செய்தியாளர்கள் மேசைப் பக்கம் போகாமலேயே எண்களை இட்டுக்கட்டி எழுதினார்கள் என்று பிற்பாடு சொல்லப்பட்டது. மனிதன் மனதில் தோன்றியபடி எழுதினால் நிறத்தை அடிக்கடி மாற்றித்தான் எழுதுவான். 1913இல் சிவப்பில் கட்டிக்கொண்டே போனவர்களின் மனக்கணக்கும் இதுவேதான்.

கேள்வி: சக்கரத்தை நிஜமாகவே ஜெயித்தவர் உண்டா?

பதில்: உண்டு. யார்க்‌ஷயர் ஜவுளித் தொழிலிலிருந்து வந்த ஜோசப் ஜாகர், மான்டே கார்லோவில் விழுந்த எண்களைக் குறித்துவைக்க ஆள் வைத்து, சமநிலை தவறிய சக்கரத்தைக் கண்டுபிடித்து அள்ளினார். 1961இல் கணிதப் பேராசிரியர்கள் எட்வர்ட் தோர்ப்பும் கிளாட் ஷானனும் உடம்பில் மறைத்து அணியும் சிறு கணினியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனார்கள். பந்தும் சக்கரமும் சுழலும் வேகத்தைக் கால் விரலால் சுவிட்சைத் தட்டி அளக்க வேண்டும். பந்து எந்தப் பகுதியில் விழும் என்பது காதில் ஒலியாக வரும். கருவி வேலை செய்தது. காதுக்குப் போன மெல்லிய கம்பிதான் அறுந்து அறுந்து அவர்களைப் படுத்தியது.

கேள்வி: அமெரிக்காவில் இன்னும் அதே 00தானா?

பதில்: பெரும்பாலும் அதேதான். 2016இல் லாஸ் வேகாஸில் மூன்றாவதாக ஒரு பூஜ்யமும் சேர்ந்த சக்கரம் வந்தது. அதில் 39 காசு வைத்தால் 36 திரும்பும். கேசினோவின் பங்கு 7.69 சதவீதம்.