தேங்காய் எண்ணெயில் சமைத்தால் எடை குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதமாக எல்லாச் சமையலையும் அதிலேயே செய்கிறேன். ஜிம்முக்கும் தவறாமல் போகிறேன். அரைக் கிலோகூட இறங்கவில்லையே?

பதில்: எண்ணெயை மாற்றினீர்கள், சரி. அளவை மாற்றினீர்களா? எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான், தேங்காய் எண்ணெய்க்கு அதில் சலுகை கிடையாது. ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 13.5 கிராம் இருக்கும், அதாவது 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றினால் இரண்டு டேபிள்ஸ்பூன் விழுவது சகஜம். அரை மணி நேர வேக நடையில் செலவாகும் கலோரி அதிலேயே திரும்பி வந்துவிடும்.

‘கொழுப்பைக் கரைக்கும்’ என்ற பேச்சு எம்.சி.டி. எண்ணெயை, அதாவது நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்புகளைத் தனியே பிரித்தெடுத்த எண்ணெயை, வைத்துக் கிளம்பியது. அதில் இருப்பவை பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள். அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம்தான். பாதியளவுக்கு இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்ற கொழுப்புகள் போகும் வழியிலேயே போகிறது. எம்.சி.டி.யில் நடந்த ஆய்வைக் காட்டித் தேங்காய் எண்ணெயைப் புகழ்வது, அண்ணன் வாங்கிய மார்க்கைத் தம்பி கணக்கில் எழுதுவது மாதிரி.

இனிக் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 1800 கலோரி என்று வைத்துக்கொண்டால், நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்குள், அதாவது 20 கிராமுக்குள் இருக்க வேண்டும். இது உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு. ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. மீதியில்தான் முட்டை, பால், இறைச்சி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே வாசனை தேவைப்படும் ஒரு சமையலுக்கு மட்டும் இரண்டு டீஸ்பூன், சுமார் 9 கிராம், வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய் போதும்.

அளக்க எளிய வழி உண்டு. சமைக்கும் முன் பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள், ஊற்றியபின் மறுபடி நிறுங்கள். குறைந்த கிராமைச் சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் பங்கு கிடைத்துவிடும். ஒரு வாரம் செய்தால் கை பழகிவிடும். டீஸ்பூனால் அளப்பவர்கள் எண்ணெய் உருகிய நிலையில் அளக்க வேண்டும். உறைந்ததைக் குவித்து எடுத்தால் இரண்டு மடங்குகூட ஏறும்.

கேள்வி: கோழி நெஞ்சுக்கறியை வெர்ஜின் தேங்காய் எண்ணெயில் வாட்டினால் வீடெல்லாம் புகை. கறியும் பேனில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது.

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சுத்திகரிக்காத வெர்ஜின் எண்ணெய் சுமார் 175 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும், வாசனைதான் இருக்காது. அடுப்பை முழுத் தீயில் வைத்தால் காலிப் பேன் இரண்டு மூன்று நிமிடத்தில் 200-ஐக் கடந்துவிடும். புகைந்த எண்ணெய் கசக்கும். அதிலேயே சமையலைத் தொடராமல், ஆறவிட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் ஈரமும் சூடேறாத பேனும். கறியை 1.5 செ.மீ. கனத்துக்குத் தட்டி, காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயைப் பேனில் ஊற்றாமல் கறியின் இரு பக்கமும் தடவுங்கள். பேனை மிதமான தீயில் இரண்டு நிமிடம் சூடாக்கிக் கறியைப் போட்டால் ‘சொய்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சூடு போதவில்லை. (நான்ஸ்டிக் பேன் என்றால் காலியாகச் சூடாக்காதீர்கள், பூச்சு கெடும்.) பிறகு நான்கு நிமிடம் அசைக்கவே வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும், அவசரப்பட்டுப் புரட்டுபவர்களுக்குத்தான் பிய்கிறது. திருப்பிப் போட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி நான்கு நிமிடம் வையுங்கள். நடுவில் 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு தெரியக்கூடாது.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் காபியில் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலந்து குடித்துவிட்டு உடற்பயிற்சி செய்யலாமா?

பதில்: வேண்டாம். 240 கலோரி, புரோட்டீன் சுழியம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் பயிற்சியின்போது குமட்டும். சிலருக்கு வயிறும் இளகிவிடும். அதே கலோரிக்கு மூன்று முட்டை சாப்பிடலாம்.

கேள்வி: ஓட்ஸ் பார் செய்யும்போது எண்ணெய் கட்டி கட்டியாகத் திரள்கிறது. பையில் எடுத்துப்போனால் உருகி உதிர்ந்தும் போகிறது.

பதில்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும், அதற்குக் கீழே உறையும். குளிர்ந்த பாலையோ முட்டையையோ சேர்த்தவுடன் திரளக் காரணம் அதுவே. எல்லாப் பொருளையும் அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, உருக்கிய எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். வெயிலில் எடுத்துப்போகும் பாருக்கு இந்த எண்ணெயை நம்ப முடியாது. அதில் பாதியைக் குறைத்து, வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்தால் பிடிப்பு வரும்.

வெண்ணெய்க்குப் பதிலாகப் போடுபவர்களும் கவனிக்க வேண்டும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் 15 மில்லி தண்ணீரும் போதும்.

கேள்வி: பொரித்து வைத்த எண்ணெயில் சோப்பு வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: ஆமாம், கொட்டிவிடுங்கள். ஈரமான காய்களிலிருந்து வந்த தண்ணீர், சூட்டில் எண்ணெயைப் பிளந்து லாரிக் அமிலத்தைப் பிரித்துவிட்டது. அதன் சுவைதான் சோப்பு மாதிரி இருக்கும். வேறு எண்ணெயோடு கலந்து பொரிக்கவும் வேண்டாம், நுரைத்துப் பொங்கும்.

கேள்வி: எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 150 வந்திருக்கிறது. தினமும் ஓடுகிறேன். தேங்காய் எண்ணெயைத் தொடரலாமா?

பதில்: ஓடுவது எல்.டி.எல்.லைப் பெரிதாக இறக்காது, சாப்பாடுதான் முதலில் மாற வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் ‘சர்க்குலேஷன்’ மருத்துவ இதழ் வெளியிட்ட அலசலில், வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு (சூரியகாந்தி, சோயா போன்றவை) ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மி.கி. அளவுக்குக் கூட்டியது. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல்.லும் 4 மி.கி. கூடியது உண்மை. ஆனால் அது இதை ஈடுகட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்று மாதம் நிறுத்தி, வேறு எதையும் மாற்றாமல், மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு முடிவுகளையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, மீண்டும் சேர்ப்பதா என்று முடிவெடுங்கள்.