விரியன் கடிக்கு ரத்தம் நிற்கிற மாத்திரை உதவுமா?

பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "போன அறுவடையில் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஈறில் ரத்தம் கசியக் கசிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். இனி அவசரத்துக்கு டிரானெக்சாமிக் மாத்திரையும் வைட்டமின் கே ஊசியும் வாங்கி வைக்கட்டுமா?"

வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் தம்பிக்கு நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். வயலில் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது.

கடையில் எல்லாவற்றுக்கும் 'ரத்தம் நிற்கிற மருந்து' என்று ஒரே பெயர்தான். ஆனால் அவற்றின் வேலை வேறு வேறு. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஹீமோஃபிலியா உள்ளவருக்கு அவர் உடம்பில் இல்லாத உறைகாரணியையே, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதத்தையே ஏற்றுகிறோம். கல்லீரல் சில உறைகாரணிகளைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை அளவு மிஞ்சியவருக்கு அதைக் கொடுப்பது இதனால்தான். அதுவும் பலன் தெரிய மணிக்கணக்காகும். 1962-ல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம் புதிதாக எதையும் உறைய வைக்காது. உறைந்த கட்டி கரையாமல் காக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் பெருகினால், 3 மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்ற அது தாயைக் காப்பாற்றுகிறது.

விரியன் விஷமோ உறைகாரணிகளைக் கண்டபடி தூண்டிவிட்டு, ரத்தக்கட்டி உருவாகத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் முழுவதையும் செலவழித்துவிடும். நெல்லே இல்லாத குதிருக்குப் பூட்டு எதற்கு? கல்லீரல் புதிதாகச் செய்து அனுப்பினாலும், விஷம் ஓடுகிற வரை அதுவும் வீண். போதாக்குறைக்கு, ரத்தம் உறையாத உடம்பில் சதையில் ஊசி குத்தினால் அந்த இடத்திலேயே உள்ளுக்குள் ரத்தம் கட்டும். மாற்று, விஷமுறிவு மருந்து ஒன்றுதான்.

தம்பிக்கு ஆஸ்பத்திரியில் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

யாரையாவது கடித்தால் மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். காலை அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

தம்பியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஓயாத அசதி, தாடி மீசை உதிர்வது என்று ஏதும் உண்டா? பர்மாவில் விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, மூளைக்கு அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதாவதை மருத்துவர்கள் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இருந்தால், பழைய கடியைச் சொல்லி டாக்டரிடம் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள்.