ஓய்வுபெற்ற கடற்படை வீரர் சிலர் ஏன் நடுராத்திரியில் தானாக விழித்துக்கொள்கிறார்கள்?

காரணம் ‘வாட்ச்’ என்ற காவல் முறை. கப்பலை ஒரு நிமிடம்கூட கவனிக்காமல் விட முடியாது. அதனால் பணியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு குழு பொறுப்பேற்கும்.

இதில் ஒரு சின்ன சிக்கல். 24 மணி நேரத்தை நான்கு நான்காகப் பிரித்தால் ஆறு முறை வரும். மூன்று குழுக்கள் என்றால் நள்ளிரவு 12 முதல் 4 வரை தினமும் ஒரே குழுவின் தலையில்தான் விழும். அதைத் தவிர்க்க மாலை 4 முதல் 8 வரையிலான முறையை இரண்டு இரண்டு மணி நேரமாக வெட்டினார்கள். முறைகள் ஏழாகிவிட்டன, வரிசை தினமும் ஒரு படி நகர்ந்தது. யார் யோசித்தாரோ, கெட்டிக்காரர்!

முறை வரும்போதெல்லாம் நானும் அந்த 12–4 நின்றவன்தான். இருட்டில் கண் பழகுவதற்காக மங்கலான சிவப்பு விளக்கு, காலடியில் இயந்திரத்தின் அதிர்வு, அடுத்தவர் வந்து தோளைத் தொடும் வரை கடிகாரத்தையே பார்ப்பது. இன்றும் 11.40க்கு விழிப்பு வந்துவிடும்.

பல வருடம் ஐந்து மணிக்கு எழுந்தவர் விடுமுறையிலும் அலாரத்துக்கு முன்பே எழுகிறாரே, அதே கதைதான். உடலின் கடிகாரத்துக்கு ஓய்வூதியம் தெரியாது.

அப்புறம், வாட்ச் முடிந்தால் மீதி நேரமெல்லாம் தூக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பழுதுபார்ப்பு, சுத்தம் செய்தல், தீயணைப்புப் பயிற்சி எல்லாம் அந்த ‘மீதி’ நேரத்தில்தான்.