வைஃபை வேகம் குறைந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2016ல் வாங்கிய ஹெச்பி 15 வரிசை லேப்டாப் வைத்திருக்கிறோம். ஐ3 ஐந்தாம் தலைமுறை, விண்டோஸ் 10. வீட்டில் புதிதாக 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். செல்போனில் 90க்கு மேல் வருகிறது. லேப்டாப்பில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் 30ஐத் தாண்டவில்லை. மகளின் ஆன்லைன் வகுப்பு அடிக்கடி நின்று நின்று வருகிறது. சர்வீஸ் கடையில், "மதர்போர்டில் வைஃபை செக்‌ஷன் போயிருக்கு, 9,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். தெரிந்த ஒருவர் இன்டெல் ஏஎக்ஸ்211 கார்டு வாங்கிப் போடச் சொல்கிறார். யுஎஸ்பி டாங்கிள் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? – வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏஎக்ஸ்211 வாங்காதீர்கள், அது உங்கள் லேப்டாப்பில் வேலை செய்யாது. மாற்ற வேண்டியது சில நூறு ரூபாய் பெறும் ஒரு சின்னக் கார்டு மட்டும்.

உங்கள் மாதிரி லேப்டாப்பின் மதர்போர்டில் 'வைஃபை செக்‌ஷன்' என்று ஒன்று கிடையவே கிடையாது. வைஃபையும், புளூடூத் இருந்தால் அதுவும், பெரும்பாலும் 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு தனிக் கார்டில் இருக்கின்றன. அதை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். ஒன்றோ இரண்டோ மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் வந்து மாட்டியிருக்கும். போர்டில் கோளாறு என்றால் வைஃபை வரவே வராது, அல்லது கார்டே கண்ணில் படாது. 30 எம்பிபிஎஸ் வருகிறது என்றால் கார்டு தன் சக்திக்கு ஏற்றபடி ஒழுங்காக உழைக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்தச் சக்தி எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். அந்தக் காலத்து ஹெச்பி 15களில் பெரும்பாலும் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ அல்லது ஆர்டிஎல்8188இஇ என்று இருக்கும். இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற பழைய, நெரிசலான அலைவரிசை மட்டும் தெரிந்த, ஒற்றை ஆன்டெனா கார்டுகள். பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று எழுதியிருப்பார்கள். அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் நெருக்கினால் அலைவரிசை அகலம் பாதியாகிவிடும். இணைப்பு வேகம் 72 ஆகும். கைக்கு வருவது அதில் பாதி. உங்கள் 30 அங்கிருந்துதான் வருகிறது.

இன்னும் எளிய சோதனை வேண்டுமா? உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒளிபரப்பும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். (செல்போன் கம்பெனியின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது 5 கிகாஹெர்ட்ஸ்.) அந்தப் பெயர் போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லை என்றால், உங்கள் கார்டுக்கு அநேகமாக 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. 9,000 ரூபாய் கேட்டவரிடம் இந்த இரண்டு பெயர்களைக் காட்டி விளக்கம் கேளுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

இனி ஏஎக்ஸ்211. பெயரின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என 0வில் முடிபவை முழுக் கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என 1ல் முடிபவை அரைக் கார்டுகள். வைஃபை வேலையின் பெரும்பகுதி லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கும். கார்டில் ரேடியோ மட்டும்தான் இருக்கும். அந்த வசதியுள்ள புதிய இன்டெல் தலைமுறைகளில் மட்டுமே இவை உயிர் பெறும். ஏஎக்ஸ்211 பொதுவாக 12ஆம் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் உரியது. கொடுமை என்னவென்றால், உங்கள் ஸ்லாட்டில் அது கச்சிதமாக உட்காரும், ஸ்க்ரூவும் பொருந்தும், ஆனால் விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 'பிரித்த பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று பில்லில் அச்சடித்திருக்கும் கடைக்காரர்களுக்கு இந்த ஓர் இலக்கம் நல்ல வருமானம். ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்களும் 1ல் முடிவதைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு எது போதும்? 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இன்டெல் 3165 போதும். ஒற்றை ஆன்டெனாவிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் 433 எம்பிபிஎஸ் இணைப்பு தரும். நடைமுறையில் 200 வந்தாலும் உங்கள் ஃபைபரை முழுதாக இழுத்துவிடும். உள்ளே இரண்டு ஒயர்கள் இருந்தால் இன்டெல் 7265 அல்லது 8265 எடுங்கள். 867 வரை போகும், மூலை அறையிலும் சிக்னல் நிற்கும். ஏஎக்ஸ்210 பற்றி யாராவது பெருமையாகப் பேசுவார்கள். அதன் 6 கிகாஹெர்ட்ஸ் வசதி, அதே வசதியுள்ள ரவுட்டர் இருந்தால்தான் பயன்படும். ஃபைபர் கம்பெனி இலவசமாகத் தரும் ரவுட்டரில் அதைத் தேடாதீர்கள்.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். பல பழைய ஹெச்பி, லெனோவோ மாடல்களில் பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு பட்டியல் ஒளிந்திருக்கும். கம்பெனி அனுமதித்த கார்டு எண்கள் மட்டும் அதில் இருக்கும். வேறு கார்டு போட்டால் ஹெச்பியில் '104 – ஆதரிக்கப்படாத வயர்லெஸ் சாதனம்' என்றும், லெனோவோவில் '1802' என்ற எண்ணோடும் ஒரு எச்சரிக்கை வந்து, லேப்டாப் விண்டோஸுக்குள்ளேயே போகாமல் நின்றுவிடும். பயந்துவிடாதீர்கள், எதுவும் கெடவில்லை. பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் பழையபடி ஓடும். இதில் சூட்சுமம், அது சிப் பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் பதிந்த கம்பெனி அடையாள எண்ணைப் பார்க்கிறது. அதே இன்டெல் 7265தான்; லெனோவோவுக்காகச் செய்தது பூட்டுப் போட்ட ஹெச்பியில் ஏறாது. லேபிளில் எஃப்ஆர்யு என்று எண் இருந்தால் லெனோவோ சரக்கு, எஸ்பிஎஸ் என்று இருந்தால் ஹெச்பி சரக்கு. உங்கள் லேப்டாப் வந்த காலம் இரண்டுங்கெட்டான் காலம். சில மாடல்களில் பூட்டு உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் சூதாட வேண்டாம். லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைப் பாருங்கள். ஹெச்பி தளத்தில் அதற்குரிய சர்வீஸ் கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் வைஃபை கார்டுகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் உதிரிபாக எண்ணும் இருக்கும். அங்கே உள்ள இன்டெல் கார்டு ஒன்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் அச்சான கார்டையே கேட்டு வாங்குங்கள்.

ஏன் இந்தப் பூட்டு என்று கேட்டால், கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்து ரேடியோ சான்றிதழ் வாங்கியிருக்கிறோம், சட்டம் அப்படி, என்பார்கள். ஆனால் இதே கம்பெனிகள் பின்னால் வந்த மாடல்களில் பூட்டைக் கழற்றிவிட்டன. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் பத்து வருடப் பழைய லேப்டாப்புக்கு எந்தக் கார்டு பொருந்தும், என்ன விலை என்று ஒரு வரியில் தெரிந்துகொள்ள இன்னும் கடைக்காரர் வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

'பயாஸைத் திறந்து பூட்டை எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் வருவார். வேண்டவே வேண்டாம். மாற்றிய பயாஸை ஏற்றும்போது பாதியில் நின்றால், அப்போதுதான் மதர்போர்டு உண்மையிலேயே போகும்.

சந்தையில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பகுதி பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றியவை. கழற்றிய சரக்கு கெட்டதல்ல. பேட்டரி மாதிரி இது தேய்வதில்லை. புதுசு என்று சொல்லி புதுசு விலை வாங்குவதுதான் மோசடி. ஆன்டெனா மாட்டும் வட்டமான உலோக முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு நசுங்கியிருந்தாலோ நடுமுனை வளைந்திருந்தாலோ வாங்காதீர்கள். அந்த முனைகள் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டவை.

வேலைக்கு முன் புதுக் கார்டின் டிரைவரை (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இன்டெல் தளத்திலிருந்தோ ஹெச்பி தளத்திலிருந்தோ பென்டிரைவில் இறக்கி வையுங்கள். கார்டு மாற்றியதும் இன்டர்நெட் இருக்காது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறந்திருந்தால் செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, போனின் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம். தேடினால் முதலில் வந்து நிற்கும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்களை நெருங்காதீர்கள். அவை டிரைவரைத் தருகிறதோ இல்லையோ, வருடச் சந்தா கேட்பது நிச்சயம்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுன் விண்டோஸ் 10ல் அரைத் தூக்கம்தான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிஹெச்0 என்ற சின்ன பிளஸ் முனை ஸ்க்ரூடிரைவர் போதும். பேட்டரிக் குழிக்குள்ளும் டிவிடி டிரைவ் அடியிலும் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடி வர மறுத்தால் நெம்பாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி. எந்த ஸ்க்ரூ எந்தத் துளை என்று ஒரு தாளில் லேப்டாப்பின் அடியை வரைந்து, அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் மேல்மூடியில் முட்டிப் புடைக்கும். சில மாடல்களில் கீழ்மூடி கழலும். சிலவற்றில் கீபோர்டோடு மேல்மூடி வரும். அப்படி என்றால் சடாரென்று தூக்காதீர்கள், அடியில் ரிப்பன் கேபிள்கள் இருக்கும். அவற்றின் பூட்டை நகத்தால் நிமிர்த்திய பிறகே கேபிளை உருவ வேண்டும். இந்த வேலையில் உண்மையான சேதம் நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கார்டு தெரிந்ததும் முதலில் ஒரு போட்டோ. எந்த ஒயர் எந்த முனையில் என்று அதுதான் சொல்லும். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒயர் முனையை நகத்தால் நேர் மேலே தூக்குங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும். அதே சாய்வில் உருவுங்கள். புதியதை அதே சாய்வில் கடைசிவரை செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போடுங்கள். ஆன்டெனா ஒயரின் முனையைக் கார்டின் முனைக்கு மேல் நேராக வைத்து, விரல் நுனியால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்துவது அல்ல வழி. எடுத்து மறுபடி நேராக வையுங்கள். ஒரே ஒயர் இருந்தால் 1 அல்லது மெயின் என்று குறித்த முனையில் மாட்டுங்கள். மூடுவதற்கு முன் பேட்டரியைப் போட்டு ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். 104 வருமானால் அப்போதே தெரிந்துவிடும்.

விண்டோஸ் வந்ததும் பழைய ரியல்டெக் மென்பொருளை நீக்கி, பென்டிரைவில் உள்ளதை நிறுவுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் 'பிரிஃபர்டு பேண்ட்' என்பதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பவர் மேனேஜ்மென்ட்டில் 'கம்ப்யூட்டர் இதை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுங்கள். வகுப்பு நடுவில் அறுந்துபோவதற்கு அது ஒரு காரணம். 5ஜி பெயர் இன்னும் தெரியவில்லையா? ரவுட்டர் 100க்கு மேற்பட்ட சானலில் உட்கார்ந்திருக்கலாம். பழைய கார்டுகள் சிலவற்றுக்கு அது கேட்காது. ரவுட்டர் அமைப்பில் 36 முதல் 48க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்து புளூடூத் மட்டும் வரவில்லை என்றால், முழுதாக அணைத்து பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

பிரிக்கப் பயமாக இருந்தால் கடையில் கொடுங்கள், ஆனால் விட்டுவிட்டு வராதீர்கள். கையோடு முடிகிற வேலை, எதிரில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். 'நாளைக்கு வாங்க' என்பவரிடம் கொடுக்காதீர்கள். ரேம் மாறிய கதைகள் நிறைய உண்டு. பழைய கார்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி துளையில் வெளியிலிருந்து செருகும் டாங்கிள்? அதுவும் நல்ல வழிதான், 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால். வாங்கும்போது 'டூயல் பேண்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்கு விற்கும் 150 எம்பிபிஎஸ் டாங்கிள் உங்கள் பழைய கார்டின் தம்பி, வேறொன்றுமில்லை. ஏசி600 என்று போட்டிருந்தால் அது இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸில் கிடைப்பது 433. உங்களுக்கு அது தாராளம். டாங்கிள் போட்டதும் பழைய ரியல்டெக் கார்டை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் பழைய கார்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.