எலெக்டிவ் எதை எடுப்பது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை). நான்காம் செமஸ்டர் முடியப்போகிறது, எலெக்டிவ் (விருப்பப் பாடம்) படிவம் கொடுத்துவிட்டார்கள். வகுப்பே ஏ.ஐ. பக்கம் போகிறது. எனக்கு சைபர் செக்யூரிட்டியில்தான் ஆர்வம். ஆறு எலெக்டிவையும் ஒரே வெர்ட்டிகலில், அதாவது ஒரே சிறப்புப் பிரிவில்தான் எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: கட்டாயமில்லை. சாதாரண பி.இ. பட்டத்துக்கு வெர்ட்டிகல்களைக் கலந்தே எடுக்கலாம். ஆனர்ஸ் (சொந்தத் துறையில் கூடுதல் தகுதி) அல்லது மைனர் (வேறு துறையில் கூடுதல் தகுதி) வேண்டும் என்பவர்களுக்குத்தான் கணக்கு வேறு. அவர்கள் வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் (பாடத்தின் எடைப் புள்ளி) கூடுதலாகப் படிக்க வேண்டும். அதாவது இன்னும் ஆறு பாடம். அதற்கு சி.ஜி.பி.ஏ. (மொத்தச் சராசரிப் புள்ளி) 7.50 இருக்க வேண்டும், ஆனர்ஸ் என்றால் அரியரும் விழுந்திருக்கக் கூடாது. முதலில் இதை முடிவு செய்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது வரிசை. உங்கள் பாடத்திட்டத்தில் ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு எலெக்டிவ், ஆறாவதில் நான்கு. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் என்ற கட்டாயப் பாடம் ஐந்தாம் செமஸ்டரில்தான் வருகிறது. அதே செமஸ்டரில் எத்திக்கல் ஹேக்கிங் எடுத்தால், டி.சி.பி. இணைப்பு (இரண்டு கணினிகள் தகவல் பரிமாறும் வழி) எப்படி உருவாகிறது என்று ஒரு வகுப்பில் படித்து முடிப்பதற்குள் இன்னொரு வகுப்பில் போர்ட் ஸ்கேனிங் (ஒரு கணினியில் எந்த இணைப்பு வாசல்கள் திறந்திருக்கின்றன என்று தேடுவது) ஆரம்பித்துவிடும். கருவியை ஓட்டத் தெரியும், திரையில் வருவது என்னவென்று தெரியாது. அதனால் அதை ஆறாவதுக்குத் தள்ளுங்கள். ஐந்தாவதில் கிளவுட் கம்ப்யூட்டிங் எடுக்கலாம். அதற்கு அடிப்படையான ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் நான்காவதிலேயே முடிந்துவிட்டது.

ஏ.ஐ. விட்டுப்போகிறதே என்ற கவலையும் வேண்டாம். ஏ.ஐ. அண்ட் எம்.எல். நான்காம் செமஸ்டரில் கட்டாயப் பாடமாகவே வந்துவிட்டது. அதில் மேட்ரிக்ஸும் ப்ராபபிலிட்டியும் உங்களைத் திணறடித்திருந்தால், டீப் லேர்னிங் இன்னும் அதிகமாகத் திணறடிக்கும்.

பாடத்திட்டத்தைத் திறந்ததும் தலைப்பை விட்டுவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். 2-0-2-3 என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு, டியூட்டோரியல் இல்லை, இரண்டு மணி நேரம் லேப், மூன்று கிரெடிட். உங்கள் துறை எலெக்டிவ்களில் பெரும்பாலானவை இப்படித்தான். இவற்றுக்கு இன்டர்னல் 50, செமஸ்டர் தேர்வு 50. வெறும் தியரிப் பாடம் என்றால் 40–60. ஆறாம் செமஸ்டரில் இப்படி நான்கு எடுத்தால் நான்கு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாடத்தின் கடைசியில் இருக்கும் லேப் பயிற்சிப் பட்டியலையும் படியுங்கள். உண்மையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

போதிய ஆள் சேராத பாடத்தைத் துறை நடத்தாது. ஆகவே இரண்டாவது விருப்பத்தையும் யோசித்தே எழுதுங்கள். கடைசி நிமிடத்தில் நிரப்பியதுதான் பலருக்கும் கைக்கு வந்து சேர்கிறது.

கேள்வி: ஒரு எலெக்டிவுக்குப் பதிலாக என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் வகுப்பு) கோர்ஸ் முடித்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான், ஆனால் துறைத் தலைவரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். சான்றிதழோடு போய்ப் பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். பொதுவாக 12 வார கோர்ஸ்தான் மூன்று கிரெடிட். 8 வாரத்துக்கு இரண்டுதான், மூன்று கிரெடிட் எலெக்டிவுக்கு அது மட்டும் ஈடாகாது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கோர்ஸில் சேருவது இலவசம், ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தேதி போய்விட்டால் வீடியோ எல்லாம் பார்த்தும் பயனில்லை. 12 வார கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30 என இரண்டிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண் வாங்கி தேர்வில் 28 எடுத்தால் சான்றிதழ் கிடையாது.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். அல்லைடு (துணை) பாடமாக இயற்பியல், புள்ளியியல் இரண்டில் ஒன்று. எது நல்லது?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: எம்.எஸ்சி. கணிதம்தான் இலக்கு என்றால் எதை எடுத்தாலும் பாதகமில்லை. அது இன்னும் முடிவாகவில்லை என்றால் எங்கள் ஓட்டு புள்ளியியலுக்கு. எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு, அதை அல்லைடாகப் படித்த கணித மாணவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஐ.ஐ.டி.களில் முதுநிலைப் படிப்புக்கான ஜாம் தேர்விலும் கணிதப் புள்ளியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பது தகுதி விதி. இல்லையென்றால் முதுநிலையில் படித்திருக்க வேண்டும். முதலாண்டில் எடுக்கும் முடிவு நான்கைந்து வருடம் கழித்துத் தடுக்கும் இடம் இது. மகளுக்கு இயற்பியலில்தான் மனம் என்றால் மட்டும் மறித்து நிற்காதீர்கள்.

கேள்வி: ஏழாம் செமஸ்டரில் மூன்று ஓபன் எலெக்டிவ் (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்). மார்க் வரும் பாடமாகப் பார்த்து எடுப்பது தவறா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தவறே இல்லை. பிளேஸ்மென்ட் நேரம், கிரெடிட்டும் மற்றப் பாடங்களுக்குச் சமம். ஆனால் சீனியர் சொன்னதை அப்படியே நம்பாமல், பழைய வினாத்தாள் இரண்டு மூன்றை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் கணக்காக வருகின்றனவா, பக்கம் பக்கமாக எழுத வேண்டியவையா? உங்களுக்கு எது கைவருமோ அதுதான் உங்களுக்கு எளிய பாடம். வேறு துறைப் பாடம் என்பதால், அந்தத் துறை மாணவர் ஒருவரிடம் நோட்ஸ் கிடைக்குமா என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.